களாப் புதரும் கொண்டைக்குருவியும்

போன வாரம் சிதம்பரம் கடைத்தெருவில் தள்ளுவண்டியில் களாக்காயைக் கூறு கட்டி வைத்திருந்தார்கள். சும்மா இருக்காமல் ஒன்றைக் கிள்ளிப் பார்த்தேன். பால் விரலில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்க்கும்போது காடாம்புலியூரில் மச்சான் முருகவேலின் முந்திரித் தோப்புதான் நினைவுக்கு வந்தது. முந்திரித் தோப்பை நினைக்கக் களாக்காய் வேண்டியிருக்கிறது பாருங்கள், என் புத்தி அப்படி.

முருகவேல் என் மனைவி வசந்தியின் தம்பி. பல வருஷத்துக்கு முன் வசந்தி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். டாக்டர் நடமாட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் கொல்லைப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். எதிரே தோப்பு. ஒரு களாப் புதருக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டி முட்டையிட்டிருந்தது. சனிக்கிழமைதோறும் நான் போய் இறங்கினால், நான் சாப்பிட்டேனா என்று கேட்பதற்கு முன் குருவி என்ன சாப்பிட்டது என்று சொல்வாள். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

கொட்டை உதிரும் முன் மரத்தடியெல்லாம் செதுக்கித் துப்புரவாக்குவது அங்கே வழக்கம். விழுந்த கொட்டை கண்ணில் பட வேண்டுமே. ஆட்கள் வந்து நின்றதும் வசந்தி, "அந்தப் பொதர மட்டும் உட்டுர்றா" என்றாள்.

"அக்கா சொன்னா சரி. யாரும் அத தொடக் கூடாது" என்று முருகவேல் புதரைச் சுற்றிக் கயிறே கட்டிவிட்டான். சுற்றியிருந்த உண்ணிச்செடி, காரைமுள், சருகு எல்லாம் போயின. துடைத்த தரையில் களா மட்டும் பச்சையாக நின்றது. எங்கள் எல்லோருக்கும் பெருமை.

அதுவரை குருவி உண்ணிச்செடிக்குள் நுழைந்து, காரைக்குள் தாவி, எங்கே போகிறதென்று தெரியாமல் கூட்டுக்குப் போகும். இப்போது வெட்டவெளியில் நேராக வர வேண்டியிருந்தது. அதைக் காக்கை பார்த்துக்கொண்டே இருந்தது. அந்த வாரமே, வசந்தியின் கண்ணெதிரே கூடு காலியானது.

"பொதர உட்டேனேக்கா" என்ற முருகவேல் அன்று சோற்றில் கை வைக்கவில்லை.

"நீ என்னடா பண்ணுவ, எனக்காகத்தான உட்ட. வா, சாப்புடு" என்று வசந்திதான் அழுத கண்ணோடு அவனுக்குப் பிசைந்து கொடுத்தாள்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். குருவிகள் திரும்பவில்லை. களா காய்த்துப் பழுத்து அடியிலேயே விழுந்து அழுகியது. அந்தப் புதர்களை யாரும் நட்டதில்லை, குருவி தின்று எச்சமிட்ட இடத்தில் முளைத்தவை என்பது அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது. சில வருஷத்தில் களாவும் பட்டுப்போனது. இன்று தோப்பு முழுக்கத் துடைத்த தரைதான்.

விரலில் பிசுக்குப் போகாமலே முருகவேலுக்குப் போன் போட்டேன். களாப் பால் ஒட்டிய கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"மூணு வருசமா ஒரு மூலைய செதுக்காம உட்டு வச்சிருக்கேன் மாமா. கொட்ட போனா போவுது. ஆனா புல்லுதான் வருது. வெத போட குருவி வரணும், குருவி வந்து ஒக்கார பொதர் வேணும். அக்காகிட்ட இப்ப சொல்லாதீங்க. கூடு கட்டுனப்புறம் நானே சொல்லிக்கிறேன்."