நஞ்சு விழும்வரை

“நாங்க கொட்டாயில பாக்காததையா நீ கிளாசுல பாத்துட்ட?” என்று பெரியப்பா கேட்டதும் அப்பாகூடச் சிரித்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. அப்போது கால்நடை மருத்துவத்தில் மூன்றாம் ஆண்டு. அந்தச் சிரிப்புக்கு நடுவே தரையில் கிடந்தது, பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத கிடேரிக் கன்று.

லீவுக்கு வந்து பையை இறக்குவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டேன். முன்னங்கால் முட்டிகள் இரண்டும் பந்து போல வீங்கியிருந்தன. நிறுத்தினால் நடுங்கி, மடங்கி விழுந்தது. தாய் மாடு மிதித்துச் சுளுக்கிக்கொண்டது, சூடு போட்டால் சரியாகிவிடும் என்று பெரியப்பா முடிவு சொல்லியிருந்தார்.

நான் கன்றைப் புரட்டித் தொப்புளைத் தொட்டேன். கெட்டியாக, சூடாக இருந்தது. அழுத்தியதும் நாற்றத்தோடு சீழ் வந்தது.

“சுளுக்கு இல்ல பெரிப்பா. தொப்புள் வழியா கிருமி போயி, ரத்தத்துல கலந்து, முட்டில சீழ் வெச்சிருக்கு.”

“தொப்புள் எங்க கீது, முட்டி எங்க கீது! பஸ் ஏறிப் போச்சா?” என்றவர், அதற்குப் பிறகுதான் கிளாசைப் பற்றிக் கேட்டார்.

கன்று எப்போது சீம்பால் குடித்தது என்று அம்மாவிடம் கேட்டேன்.

“நஞ்சு விழுந்தப்புறந்தான். சாயந்திரம் கன்னு போட்டுது, மறுநாள் மதியந்தான் நஞ்சு விழுந்துச்சு. அதுவரிக்கும் கன்ன தள்ளிக் கட்டி வெச்சோம். எப்பவும் செய்யறதுதான?”

நஞ்சுக்கொடி விழுமுன் கன்றைக் காம்பில் ஊட்டவிட்டால் அது உள்ளேயே நின்றுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. உண்மையில் கன்று ஊட்டுவதுதான் அது விழ உதவும். சீம்பாலில் இருக்கும் எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் முதல் சில மணி நேரம்தான் நன்றாக உறிஞ்சும். எங்கள் கன்று அந்த நேரத்தைக் கயிற்றில் கழித்திருந்தது. மிச்சமிருந்த சீம்பாலை அம்மா வெல்லம் போட்டுக் காய்ச்சித் தெருவுக்கே கொடுத்திருந்தாள்.

“சூடு மட்டும் வேணாம்பா. டாக்டர கூட்டிட்டு வரேன்,” என்று வண்டியை எடுத்தேன். அப்பா தலையாட்டினார். ஆனால் அண்ணன் பேச்சைத் தட்டத் தெரியாதவர் அவர். வேங்கிக்கால் மாட்டாஸ்பத்திரியிலிருந்து டாக்டரைப் பின்னால் உட்காரவைத்துத் திரும்பியபோது, ரோமம் கருகிய வாடை வாசலிலேயே அடித்தது. இரண்டு முட்டிகளிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்த தடம். கன்று கத்தவில்லை. கத்த வேண்டியதையெல்லாம் கத்தி முடித்திருந்தது.

டாக்டர் தோல் வேகாத இடமாகப் பார்த்து ஊசியை மூட்டுக்குள் இறக்கினார். மஞ்சளாக, கட்டி கட்டியாக வந்தது. “லேட் ஆயிடுச்சும்மா. பொழச்சாலும் முட்டி சரியா மடங்காது,” என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

வேளை தவறாமல் ஊசி போட்டேன். பால் பாட்டிலைக் கண்டால் அது முட்டியாலேயே நகர்ந்து வரும். சூட்டுப் புண் மண்ணில் தேய்ந்து எலும்பு தெரிந்தது. பிறகு நகர்வதையும் விட்டுவிட்டது. ஒரு காலையில், கழுத்தைப் பின்னால் வளைத்தபடி, ஈ மொய்க்கச் செத்துக் கிடந்தது.

“சூடு ஆழமா விழல,” என்றார் பெரியப்பா.

அதற்கும் அப்பா தலையாட்டினார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. பக்கத்தில் நின்ற செவலை மாடு நிறைசினை. அதன் கன்றையும் இப்படித்தான் கட்டிவைப்பீர்களா என்று அப்பாவிடம் கேட்டேன்.

“நஞ்சு நின்னு மாடே பூட்டா நீ பதில் சொல்லுவியா?”

“சொல்றேன்.”

“பாக்கலாம்,” என்றார். எங்கள் வீட்டில் ‘பாக்கலாம்’ என்றால் முடியாது என்று அர்த்தம்.

செவலை அடுத்து வந்த பௌர்ணமியன்று ஈன்றது. ரமணாசிரமம் பக்கம் பால் ஊற்றப் போன அப்பா கிரிவலக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். நான் அவருக்குப் போன் செய்யவில்லை. தொப்புள்கொடியை டிஞ்சர் அயோடினில் முக்கினேன். உடம்பைத் துடைத்துக் கன்றைத் தூக்கி நிறுத்தினேன். “அப்பா வந்துடட்டும்டி,” என்று அம்மா கயிற்றோடு வந்தாள். அதை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன்.

அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டபோது நஞ்சு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கன்றின் வாயில் காம்பு இருந்தது.