ஆறு பக்கமும் ஒரு தாளும்

பிற்பகல் நான்கு மணி பன்னிரண்டு நிமிடம். கணினித் திரையில் ஓடிய பாராளுமன்ற நேரலையில் முதலில் என் கண்ணில் பட்டது உறுப்பினரின் கையிலிருந்த தாள். ஒரேயொரு தாள். முதல்நாள் மாலை லிங்கநகரிலுள்ள தன்னுடைய அலுவலகத்தில் அவர் எனக்குத் தந்த உரை ஆறு பக்கம். அந்த ஆறு பக்கத்தையும் வைத்து, அவர் பேசி முடித்துவிட்டதாகவே நான் எழுதிய செய்தி, முக்கால் மணித்தியாலத்துக்கு முன்பே கொழும்பிலுள்ள எங்கள் பத்திரிகைக் காரியாலயத்துக்குப் போய்விட்டிருந்தது.

நான் அப்போது திருகோணமலை நிருபர். அவர் எங்கள் மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர்களில் ஒருவர். சிரிக்கச் செய்கிற பேச்சாளர் அல்லர். எதையும் எழுதி வைத்துத்தான் பேசுவார், எழுதியதிலிருந்து ஒரு சொல்கூட விலகமாட்டார். அதனால் அவருடைய உரையை முன்கூட்டியே வாங்கிச் செய்தி எழுதிவிடுவது என்னுடைய பழக்கமாகிவிட்டிருந்தது. இளம்வயதில் இருபது மாதங்கள் விசாரணையின்றி அடைத்து வைக்கப்பட்டிருந்தவர். எங்கோ ஒரு குளிர்நாட்டின் பாராளுமன்றத்தில், அவரை ஒருநாளும் கண்டிராத ஓர் உறுப்பினர் எழுந்து அவருடைய பேரை வாசித்திருக்கிறார். அந்த விவாதப் பதிவின் பக்கத்தைப் பிரதியெடுத்து, மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்திருந்தார். அலுவலகத்துக்கு வருபவர்கள் எதிர்க் கதிரையில் இருந்தபடி அதைத் தலைகீழாகப் பார்ப்பார்கள்.

அந்தக் கதிரையில் இரண்டு மாதமாக அடிக்கடி வந்து இருந்தவர் சல்லி என்ற கடலோரக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண். நான் அவரை அக்கா என்றே அழைப்பேன். அவருடைய கணவர் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஆழ்கடல் படகொன்றில் வேலைக்குப் போனவர். இயந்திரம் பழுதாகி, படகு வங்காள விரிகுடாவின் மறுகரைக்கு இழுபட்டுப் போனது. அங்கே இராணுவம் ஆளும் ஒரு நாட்டின் கடற்படை படகில் இருந்த ஐந்து பேரையும் பிடித்தது. உயிரோடு இருக்கிறார்கள் என்று முதல் கிழமையில் ஒரு தகவல் வந்தது. அதன் பிறகு எந்தத் தகவலும் இல்லை. எந்தச் சிறை, என்ன குற்றச்சாட்டு, எத்தனை வருடம், ஒன்றும் தெரியாது. அக்கா கருவாடு காயவைக்கும் வேலையை முடித்துக்கொண்டு சைக்கிளில் வருவார். உறுப்பினர், தான் அமைச்சுக்கு எழுதிய கடிதங்களின் பிரதிகளைக் காட்டுவார். அக்கா அவற்றை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

அந்த நாட்டில் நடப்பதைக் கண்டித்துப் பல கட்சிகளின் உறுப்பினர்கள் சேர்ந்து ஓர் ஒத்திவைப்புப் பிரேரணை கொண்டுவந்தபோது, பேசுவதற்கு முதலில் நேரம் கேட்டவர்களில் எங்கள் உறுப்பினரும் ஒருவர். அவர் எழுதியவற்றில் மிகச் சிறந்தது அந்த உரை என்று இன்றும் சொல்வேன். தேர்தலில் வென்ற மக்கள் பிரதிநிதிகள் அங்கே சிறையில் இருப்பதையும், கிராமங்கள்மீது குண்டு விழுவதையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, நான்காம் பக்கத்தில் அந்த ஆட்சியாளர்களைக் கொலைகாரர்கள் என்று பெயர் சொல்லி அழைத்திருந்தார். என் தலைப்பும் அதுதான்.

முதல்நாள் மாலை அவர் கொழும்புக்குப் புறப்படும் நேரத்தில் அக்கா வந்தார். நானும் அங்கேதான் நின்றேன். நாளைக்கு என்ன பேசப்போகிறார் என்பதை உறுப்பினரே அவருக்குச் சொன்னார். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். அக்கா கதிரையில் இருக்கவில்லை.

“ஐயா, நீங்கள் சொல்லுறது நியாயம்தான். ஆனா அவர் வந்தாப் பிறகு பேசுங்கோவன்.”

வெளியில் ஒருவர் வாய்திறந்து பேசியதால்தான் தான் இன்றைக்கு உயிரோடு நிற்பதாக உறுப்பினர் சொன்னார். மேசைக் கண்ணாடியைத் தட்டியும் காட்டினார்.

“ஓம், அண்டைக்கு நீங்கள்தானே எனக்கு அதை வாசிச்சுச் சொன்னீங்கள். அதில உங்கட பேர் இருக்கு, வயசு இருக்கு, ஊர் இருக்கு. உயிரோட இருக்கிறாரோ எண்டு கேட்டிருக்கு. ஏச்சு ஒண்டும் இல்லையே, ஐயா.”

உறுப்பினர் குனிந்து, கண்ணாடியின் கீழிருந்த பக்கத்தை மறுபடி வாசித்தார். சாரதி இரண்டாம் முறை வந்து கூப்பிட்டதும் போய் வாகனத்தில் ஏறினார். அவர் மனம் மாறவில்லை என்றே நான் எடுத்துக்கொண்டேன். ஆறு பக்கம் எழுதிய ஒருவர் கடைசி நேரத்தில் மாற்றமாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் இரண்டு மணிக்குத் தொடங்கும் என்ற விவாதம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. எங்கள் பக்கம் நான்கு மணிக்கு முடியும். மூன்று இருபத்தைந்துக்குச் செய்தியை அனுப்பினேன். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. அடுத்த மாவட்டத்து நிருபரின் செய்தி என்னுடையதற்கு மேலே வந்துவிடக்கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் இருக்கவில்லை.

நான்கு பன்னிரண்டுக்கு அவர் அந்த ஒற்றைத் தாளை வாசித்தார். ஐந்து பேர்கள். ஒவ்வொரு பேருக்கும் வயது, ஊர், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற விவரம். நான்காவது, அக்காவின் கணவர். பிறகு, இவர்கள் உயிரோடு இருக்கிறார்களா, எங்கே இருக்கிறார்கள் என்பதை அமைச்சர் கேட்டறிந்து இந்தச் சபைக்குச் சொல்ல வேண்டும் என்றார். அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. எதிர்ப்புறத்திலிருந்து சிரிப்பு எழுந்தது. “ஐயாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சோ?” என்று ஒருவர் தமிழிலேயே கேட்டார். இன்னும் எட்டு நிமிடம் இருப்பதாகத் தலைமைதாங்கியவர் நினைவூட்டினார்.

“மிச்சத்தைப் பிறகு பேசுறன்,” என்று சொல்லிவிட்டு உறுப்பினர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அமர்ந்தார்.

நான் தொலைபேசியை எடுத்துக் காரியாலயத்தை அழைத்தேன். பக்க ஆசிரியர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். அவரை அழைத்து வருவதற்குள் நான் நினைத்தது ஒன்றுதான்: உறுப்பினர் பேசாத ஒரு சொல், அவருடைய பேரில், நாளை காலை அச்சில் வரும். அந்த நாட்டுத் தூதரகத்தில் யாராவது அதை வெட்டி ஒரு கோப்பில் வைப்பார்கள். அக்கா தடுத்ததை நான் செய்து முடித்திருப்பேன். பக்க ஆசிரியர் வந்ததும், தூதரகத்தின் கண்ணில் படும், செய்தியைத் தூக்குங்கள் என்றேன்.

“பக்கம் முடிஞ்சுது, ஐசே. தூதரகத்தில தமிழ்ப் பேப்பர் ஆர் வாசிக்கினம்?”

“ஆர் வாசிக்கினமோ தெரியாது. அவர் அதைப் பேசேல்லை. தூக்குங்கோ.”

“பேசேல்லையோ? அப்ப நீர் எதைக் கேட்டு எழுதினீர்?”

அவர் என்னை ஏசிய ஏச்சு நீளமானது, முழுவதும் பொருத்தமானது. ஏசிக்கொண்டே பக்கத்தைத் திறந்து செய்தியை எடுத்தார். இணையத்தில் ஏற்றுபவர் அச்சுப் பக்கம் போன பிறகுதான் ஏற்றுவார். ஆகவே அங்கும் போகவில்லை. எடுத்த இடத்தில் மூதூர்ப் பக்கத்துக் குடிநீர் விநியோகத் தடை பற்றிய அறிவித்தல் போனது. ஐந்து பேரின் பேர்களையும் நான் மறுபடி எழுதி அனுப்பினேன். அது அடுத்தநாள் உட்பக்கத்தில் வந்தது. சில நிமிடங்கள் நான் கதிரையைவிட்டு எழும்பவில்லை. எனக்கு நினைவு தெரிந்து, என் செய்தியொன்று வெளிவராததற்காக நான் நிம்மதியாக மூச்சுவிட்டது அன்றைக்கு மட்டும்தான்.

அமைச்சர் ஒன்பதாம் நாள் சபைக்குப் பதில் சொன்னார். ஐந்து பேரும் உயிரோடு, ஒரே சிறையில் இருந்தார்கள். ஏழு கிழமைகளில், அந்த நாட்டின் பண்டிகையொன்றுக்கு விடுவிக்கப்பட்ட பெருந்தொகைக் கைதிகளோடு அவர்களும் விடுவிக்கப்பட்டார்கள். பேர் வாசித்ததால் விட்டார்களா, பண்டிகை என்பதால் விட்டார்களா என்பது எனக்குத் தெரியாது. ஆறு பக்கத்தையும் வாசித்திருந்தால் விட்டிருக்கமாட்டார்களா என்பதும் தெரியாது. தெரிந்ததுபோல எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் வந்த வாகனம் சல்லி அம்மன் கோயிலடியில் நின்றபோது உறுப்பினரும் வந்திருந்தார். அக்காவின் கணவர் மெலிந்திருந்தார். யார் கைகொடுத்தாலும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கூட்டம் குறைந்த பிறகு உறுப்பினர் அக்காவிடம் போய், அனுமதி கேட்பவரைப்போல, “இனிப் பேசலாமோ, தங்கச்சி?” என்றார்.

“ஓம், ஐயா. இனி நல்லா ஏசுங்கோ.”

அக்கா அந்த அலுவலகத்துக்கு வரத் தொடங்கியதிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் கண்டேன். அடுத்த அமர்வில் உறுப்பினர் ஆறு பக்கத்தையும் ஒரு சொல் விடாமல் வாசித்தார். சபையில் பாதிக்கு மேல் வெற்றுக் கதிரைகள். அவர் வாசித்து முடிக்கும்வரை இருந்து கேட்டுவிட்டுத்தான் நான் எழுதத் தொடங்கினேன்.

இப்போது அவர் உறுப்பினர் அல்லர். அடுத்த தேர்தலில் தோற்றார். அந்த நாட்டில் இன்னும் இராணுவம்தான் ஆள்கிறது. லிங்கநகர் அலுவலகம் இருந்த வீட்டில் வேறொரு குடும்பம் இருக்கிறது. குளிர்நாட்டுப் பாராளுமன்றத்தின் பக்கத்தை அவர் தன்னோடு கொண்டுபோய்விட்டார். ஒற்றைத் தாளை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். சல்லியில் அவர்களுடைய அலுமாரிக் கண்ணாடியில், மேல் மூலையில், அது ஒட்டியிருக்கிறது. நேற்று அங்கே போயிருந்தேன். நான்காவது பேருக்கு உரியவர் விடிய ஐந்து மணிக்குக் கடலுக்குப் போய், ஒன்பதரைக்குத் திரும்பி வந்தார்.