சோப்பு ஊற்றாத ரத்தம்

நாடகக் குழுவின் உடையறையில் அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும். அவளை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டது அவள் அண்ணன் மனைவி. உடையறைக்கு அந்த அண்ணிதான் பொறுப்பு. சேர்ந்த மூன்றாம் வருஷமே ஊசிக்கு அந்தப் பொறுப்பின்மேல் ஒரு கண். அண்ணியைவிட நான் நன்றாகத் தைக்கிறேனே என்ற நினைப்பு. அது உண்மையும்கூட, அதுதான் வம்பு.

அந்த வருஷம் மேடையேறியது ஒரு துயர நாடகம். ராஜாவாக ஆசைப்பட்ட தம்பி, அண்ணனைக் குத்திக் கொன்றுவிட்டு அரியணை ஏறுவான்; பிறகு ஒரு வாய் தண்ணீர்கூட நிம்மதியாகக் குடிக்க முடியாமல் தவிப்பான். குத்துப்படுகிற அண்ணனுக்கு வெள்ளைப் பட்டு அங்கி. மேடை ரத்தத்தை உடையறையில் அண்ணிதான் கலப்பாள்: சர்க்கரைப் பாகு, சிவப்புச் சாயம், கடைசியில் சோப்புக் கரைசல். சோப்பு இருந்தால்தான் மறுநாள் துவைப்பில் கறை போகும். ஒருநாள் அவள் ரத்தம் கலந்துகொண்டிருக்கும்போது, ஒரு நடிகரின் சட்டை தோளில் பிரிந்துவிட்டதென்று கூப்பிட்டார்கள். "சோப்ப மட்டும் ஊத்திடு" என்று சொல்லிவிட்டு அண்ணி ஓடினாள். ஊசி சோப்புப் பாட்டிலைக் கையில் எடுத்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அங்கியில் எறும்பு மொய்த்திருந்தது. எத்தனை அலசியும் கறை அசையவில்லை. மேலாளர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"என் தப்புதான் சார்" என்றாள் அண்ணி.

அன்றே பொறுப்பு ஊசியின் கைக்கு வந்தது. அண்ணி இஸ்திரி மேசைக்குப் போனாள்.

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது; சோறுதான் இறங்கவில்லை. தினமும் பிற்பகல் காட்சியில் மாற்றுடையோடு மேடை ஓரத்தில் நிற்பது ஊசியின் வேலை. தம்பி புலம்புகிற கட்டத்தில் "போதும்ப்பா, இழுக்காதே" என்று முணுமுணுத்துச் சிரிக்கிறவள், இப்போது தலையைத் திருப்பிக்கொண்டாள். அண்ணியோ வழக்கம்போல "சாப்டியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஐந்தாம் நாள் மேலாளர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

மேலாளர் அண்ணியைக் கூப்பிட்டார். "இவ வேணும்னே செஞ்சிருக்கா. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சார். மறந்திருந்தா அன்னைக்கே ஓடி வந்து அழுதிருப்பா. இவ என் முகத்தையே பாக்கல."

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

"சொன்னா வேலைய விட்டுத் தூக்கிடுவீங்க." அண்ணி ஊசியின் பக்கம் திரும்பினாள். "அவ்ளோ ஆசை இருந்தா எங்கிட்ட கேட்டிருக்கலாமேடி. நானே குடுத்திருப்பேனே."

ஊசி அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கத்துவதற்குத் தயாராக இருந்த மேலாளருக்குக் கத்த வரவில்லை. "ரெண்டு பேரும் போய் வேலையப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். பொறுப்பு மறுபடி அண்ணியிடமே போனது.

பதினாறு வருஷம் ஓடிவிட்டது. புதிதாக யார் வந்தாலும் ஊசியே இந்தக் கதையைச் சொல்லிவிடுவாள். தன் வீட்டில் அடுப்பு எரிவது அண்ணி அன்றைக்கு வாயை மூடிக்கொண்டதால்தான் என்பாள். தையலில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து நடிகர்கள் சீண்டுவார்கள்: "நீங்க எப்பக்கா பொறுப்பு எடுக்கப் போறீங்க?"

"எனக்கென்ன, அண்ணி இருக்காங்க" என்பாள்.