பச்சைக் கோடு போட்ட பெட்டி

சரக்கு ரயில் ஒன்று கடந்து போனால் போதும், பெட்டிகளின் மூலையில் எழுதியிருப்பதை என் கண் இன்றைக்கும் தானாகத் தேடும். ஐம்பதை நெருங்குகிற ஒரு டீச்சருக்கு இது அழகில்லைதான், என்ன செய்வது.

அப்பா அட்டன் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டேசனில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை பார்த்தார். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனாலும் தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றையும் தட்டுத் தடங்கலில்லாமல் வாசிப்பார். லீவு நாளில் நான் ரொட்டியும் சம்பலும் கொண்டுபோனால், சாப்பிட்டுக்கொண்டே பெட்டிகளைப் பற்றிச் சொல்லித் தருவார். கதவில் வெண்கட்டியால் எழுதியிருப்பதை நம்பக்கூடாதாம், அதை யாரும் அழித்து எழுதலாம். மூலையில் பெயின்டால் எழுதியிருப்பதுதான் பெட்டி யாருடையது என்று சொல்லும். உரத்துக்கு ஓர் எழுத்து, எண்ணெய்க்கு ஓர் எழுத்து. ராணுவத்துக்கு, எங்கள் பேச்சில் ஆமிக்கு, மட்டும் எழுத்துக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு. இதையெல்லாம் ஒரே மாதத்தில் கரைத்துக் குடித்துவிட்டேன். எனக்கு அப்போது பத்து வயது, தலைக்கனமோ தலைக்கு மேல்.

அது வடக்கே ஆமிக்கும் போராளிகளுக்கும் சண்டை நடந்த காலம், தமிழர் என்றாலே சந்தேகம். ஒரு நாள் நான் போனபோது ஒதுக்குப்புறத் தண்டவாளத்தில் மூன்று பெட்டிகள் நின்றன. கதவில் வெண்கட்டியால் உரம் என்று எழுதியிருந்தது. மூலையில் யாரோ சேற்றைப் பூசியிருந்தார்கள். சேற்றின் ஓரத்தில் பச்சை தெரிந்தது. நான் விடுவேனா?

"இது உரமில்லப்பா, ஆமிப் பெட்டி" என்று சத்தமாகச் சொன்னேன்.

பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சிப்பாய் வந்தான். சிரித்த முகம். யார் சொல்லிக்கொடுத்தது என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். நான் பெருமையாக அப்பாவைக் கைகாட்டினேன்.

பிறகு அவன் சிரிக்கவில்லை. அவனுடைய அதிகாரி வந்து, பெட்டி விவரத்தை யாருக்கு எழுதி அனுப்புகிறாய் என்று அப்பாவைக் கேட்டார். எழுதப் படிக்கவே தெரியாது மாத்தயா, பிள்ளை உளறுகிறாள் என்று அப்பா உடைந்த சிங்களத்தில் சொன்னார். அவருடைய சிங்களம் ஒருநாளும் அப்படி உடைந்ததில்லை. "இல்ல, எங்கப்பாவுக்கு எழுத..." என்று நான் வாயைத் திறந்தேன். கன்னத்தில் அறை விழுந்தது. அப்பா என்னை அடித்தது அதுதான் முதல் தடவை.

ஸ்டேசன் மாஸ்டரின் அறைக்குக் கூட்டிப்போய், அதிகாரி காகிதத்தையும் பேனாவையும் நீட்டி, பெயரை எழுது என்றார். அப்பா பேனாவைத் தொடாமல் இடது கட்டைவிரலைக் காட்டினார். தினமும் ரெஜிஸ்டரில் அப்பாவின் கையெழுத்தைப் பார்க்கிற ஸ்டேசன் மாஸ்டர், ரப்பர் முத்திரைக்கு வைத்திருந்த மைப்பெட்டியைத் திறந்து அப்பாவின் பக்கம் தள்ளினார். வெளியே ஜீப்பின் கதவு திறந்தே இருந்தது. அப்பாவை அதில் ஏற்றிவிடுவார்களோ என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, போ என்றார்கள்.

பள்ளிக்கூடத்தில் தந்த அடுத்த தவணைத் தேர்ச்சி அறிக்கையில் நான் கையெழுத்துக் கேட்டபோது, அப்பா விரலில் மையைத் தடவி ரேகை வைத்தார்.

"கையெழுத்துப் போடுங்கப்பா, எல்லாரும் சிரிப்பாங்க" என்று அழுதேன்.

"எனக்கு எழுதத் தெரியாது புள்ள" என்றார். வீட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் செய்த தப்புக்கு இன்னும் தண்டனை கொடுக்கிறார் என்று நினைத்து, பல நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். யாராவது மறுபடி கேட்டால், எங்கப்பாவுக்கு எழுதத் தெரியாது என்று நான் சந்தேகமில்லாமல் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ரேகை. சிப்பாயைவிட அவர் அதிகம் பயந்தது என் வாய்க்குத்தான் என்று அன்றைக்குத் தெரியவில்லை.