ஏழு எண்ணினால் பிடிபடும் பாட்டு

சபையில் ஒரு பைபிள் வசனம் வாசிக்கச் சொன்னாலே முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிறவள் நான். அப்படிப்பட்டவள் சித்தூரில், அத்தனை ஜனங்கள் நடுவில், வாய்விட்டுக் கத்தினேன் என்றால் அதற்கு ஒரு இங்கிலீஷ் இசைத்தட்டுதான் காரணம்.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம். எழுபதுகளின் நடுப்பகுதி. என் வீட்டுக்காரர் சித்தூர் - திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர். ஒருநாள் திருப்பதியில் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கி வந்தார். கூடவே ஒரு பெரிய தட்டை இனாமாகக் கொடுத்திருந்தார்கள். அட்டையில் கடல், கடலிலிருந்து வானத்துக்கு ஏறும் படிக்கட்டு, படிக்கட்டில் குடை பிடித்துக்கொண்டு ஒரு மீன். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு அதில் எழுதியிருந்தது ஒன்றும் புரியவில்லை. மீனுக்கு எதற்குக் குடை என்பதுதான் யோசனை.

முதல் தடவை போட்டபோது கோயில் ஆர்கன் மாதிரி ஆரம்பித்தது. மாமியார் ஞானப்பாட்டு என்று நினைத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு நிமிஷம்தான். அந்த ஆர்கனையே நாலு பேர் தூக்கி மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி ஒரு சத்தம்! மாமியார் முக்காட்டை எடுத்துவிட்டார்.

"இன்னா நைனா இது? பாட்டா, பாத்திரம் உருட்டறானுங்களா?"

"இங்கிலீஷ் பாட்டும்மா. ஒரு பக்கம் பூரா ஒரே பாட்டு."

"ஒரே பாட்டா? முடிக்கத் தெரியாம மாட்டிக்கினானுங்க போல."

என் வீட்டுக்காரர் அதற்கப்புறம் அதைத் தொடவில்லை. நான் தொட்டேன். மத்தியானம் மாமியார் பக்கத்து அறையில் படுத்துவிடுவார். நான் முறத்தில் வேர்க்கடலையைப் போட்டுக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து அதைப் போடுவேன். இரண்டாம் தடவையும் பாத்திரம்தான் உருண்டது. நாலாவது தடவையோ என்னவோ, அந்தச் சத்தத்துக்கு அடியில் யாரோ ஒரு புல்லாங்குழல் ஊதிக்கொண்டிருப்பது கேட்டது. முதல் நாளிலிருந்தே ஊதிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், பாவம், நான்தான் கவனிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, அதே குழல் பாட்டு கடைசியில் ஆர்கனில் திரும்பி வருவதைக் கண்டுபிடித்தேன். சின்னதாகப் போனது மலை மாதிரி வந்தது. முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். ஊஞ்சலை யாரோ உச்சிக்குத் தள்ளிவிட்டாற்போல இருந்தது.

தாளம்தான் பிடிபடவே இல்லை. நாலு நாலாக எண்ணினால் கால் தடுக்கியது. ஒருநாள் கடலை உரித்துக்கொண்டே விட்டுவிட்டேன், கை தானாக எண்ணட்டும் என்று. ஆறு கடலை உரித்து ஏழாவதை முறத்தில் போடும்போது டமாரென்று சரியாக விழுந்தது. ஏழு! அன்றிலிருந்து நான் ஏழு ஏழாக வாசல் பெருக்கினேன், ஏழு ஏழாகத் துணி கும்மித் துவைத்தேன். எல்லாம் அடங்கிக் கடைசியில் ஒரு மணி அடிக்கும். மணி அடித்ததும் கடலை ஓடுகளை வெளியே கொட்டிவிட்டு வந்து ஊசியைத் தூக்குவேன்.

அப்போது அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் வீட்டில் விளைந்ததைப் பீடத்துக்கு முன்னால் படைப்போம். ஆராதனை முடிந்ததும் ஏலம். படைத்துவிட்டால் அது ஆண்டவருடையது, திருப்பிக் கேட்கக் கூடாது. வேண்டுமானால் ஏலத்தில்தான் எடுக்க வேண்டும்.

அன்று கரும்புக்கும் பூசணிக்கும் நடுவில் குடை பிடித்த மீன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வைத்தது மாமியார்தான்; பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஏலத்தில் ஆண்கள்தான் வழக்கமாக வாய் திறப்பார்கள். என் வீட்டுக்காரரோ டூட்டியில், பாகாலா பக்கம் எங்கேயோ டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பார்.

ஏலம் விடும் மூப்பர் தட்டைத் தூக்கிக் காட்டினார். மாதர் சங்கத்து அக்கா, ஆண்களுக்கெல்லாம் பயப்படாதவர், "மூணு ரூபா!" என்றார். பக்கத்திலிருந்தவளிடம், "சுடுதண்ணில போட்டு ஓரத்த மடிச்சா சூப்பரா பூக்கிண்ணம் ஆயிரும்" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

பூக்கிண்ணமா! குழல், மலை, மணி எல்லாம் சுடுதண்ணீரிலா!

"மூணு ரூபா ஒகட்டோசாரி... ரெண்டோசாரி..." மூப்பர் தெலுங்கில் ஒரு தரம், இரண்டு தரம் என்று எண்ண ஆரம்பித்தார்.

முந்தானைக்குள் என் விரல்கள் தாமாக எண்ணிக்கொண்டிருந்தன. நாலு, அஞ்சு, ஆறு...

"ஏழு!"

கத்தினது நானென்று எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

"யாரு, கண்டக்டர் வூட்டு அம்மாவா?" மூப்பர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "எம்மா, மூணுலதான் ஓடிக்கினு இருக்குது. நாலுன்னாவே போதும்."

கோயிலே சிரித்தது. அக்கா விடவில்லை. "எட்டு!"

"பதினாலு!"

"இன்னாம்மா, வாய்ப்பாடு ஒப்பிக்கிறியா?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஒரு கிண்ணத்துக்கா இவ்ளோ ரோசம்?"

"கிண்ணம் இல்லக்கா. உள்ள பாட்டு இருக்குது."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். "இந்தப் பொண்ணு கொரலயே இன்னிக்குத்தான் கேக்கறேன். எடுத்துக்கினு போ. நான் சொம்புல பூ வெச்சிக்கறேன்."

மூடோசாரி, மூன்றாம் தரம். தட்டு எனக்கு.

திரும்பி வரும்போது அதை மார்போடு கட்டிக்கொண்டு, கால் தரையில் பாவாமல் நடந்தேன். பாதி வழியில்தான் கேட்கத் தைரியம் வந்தது. "பிடிக்கலன்னுதான் வெச்சிட்டீங்களா அத்தை?"

"பிடிக்கலன்னு எவ சொன்னா? நம்ம வூட்டுப் பூசணி பூச்சி அடிச்சுப் போச்சு. ஆண்டவருக்கு வூட்ல இருக்கறதுலயே நல்லதத்தான வெக்கணும்?" நடந்துகொண்டே தட்டின் பக்கம் கண்ணைக் காட்டினார். "தெனம் செவுத்துக்கு அந்தாண்ட படுத்துக்கினு கேக்கறேனே. கடசில மணி அடிக்குது பாரு, ரெண்டு வாட்டி."

"ஒண்ணுதான் அத்தை."

"ரெண்டு. நீதான் ஓட்டக் கொட்டப் போயிடறியே."

வீட்டுக்கு ஓடினோம் என்றே சொல்லலாம். புடவைகூட மாற்றாமல் தட்டைப் போட்டு, இரண்டு பேரும் தலையை ஒட்டிவைத்து உட்கார்ந்தோம். ஏழு ஏழாக எல்லாம் வந்து போயின. மணி அடித்தது. ஊசி கீறும் சத்தம் மட்டும் ஓடியது. நான் மூச்சுவிடவில்லை. ரொம்பத் தள்ளி, சன்னமாக, இன்னொரு மணி.

மாமியார் என் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை.

"மறுபடியும் போடு" என்றார்.