இரண்டு அரை டிக்கெட்

காலை ஒன்பது பத்துக்கு எல்லாம் கோளாறாகத் தொடங்கியது. வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் எங்கள் தனியார் பஸ் ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. கண்டக்டராகிய நான், இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்திக்கு அரை டிக்கெட் அடித்துக் கொடுத்தேன். அந்தப் பெண் என் மகள் கயல்.

புதிதாகத் தோளில் பை மாட்டும் தம்பிகள் இதைப் படித்துச் சிரிக்கலாம். நானும் சிரிக்கிறேன். ஆனால் அந்த வளைவு வந்தால் இன்றைக்கும் என் கை தானாகக் கம்பியைத் தேடுகிறது.

1. ஏன் அடித்தேன்

கயலுக்குச் சிறு வயதில், பள்ளி விடுதியில், எந்தக் குழந்தைக்கும் நடக்கக் கூடாதது நடந்தது. வெகு காலம் கழித்தே எங்களுக்குத் தெரிந்தது. தாங்க முடியாததைத் தாங்குவதற்காக அவள் மனம் தன்னைப் பல பேராகப் பிரித்துக்கொண்டது என்று கள்ளக்குறிச்சி டாக்டரம்மா விளக்கினார். சில நேரம் கயல் இருப்பாள். சில நேரம் ஆறு வயதுச் சின்னவள் வருவாள். பெரியவள் என்று ஒருத்தி உண்டு, எல்லோருக்கும் காவல். அவள் டாக்டரம்மாவிடம் மட்டும் பேசுவாள். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"உங்களை நம்பலாமான்னு அவங்க பார்த்துக்கிட்டு இருக்காங்க சார். அவசரப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா.

"எப்ப சரியாவும் மேடம்? உத்தேசமா ஒரு டைமிங் சொன்னீங்கன்னா..."

"இது டைம் கீப்பர் இல்லாத ரூட்டு சார். யார் வந்தாலும் மரியாதையா பேசுங்க. நீ நிஜம் இல்லன்னு யாரையும் சொல்லாதீங்க. பயந்துட்டா, இப்ப எங்க இருக்கோம், யார் கூட இருக்கோம்னு மெதுவா எடுத்துச் சொல்லுங்க."

வாரம் ஒரு நாள் என் பஸ்ஸிலேயே அவளை அழைத்துப் போவேன். ஒருமுறை பக்கத்து வீட்டில் யாரோ போட்ட கூச்சலில் பயந்து, ஒரு மாதம் வாசலைத் தாண்டவே மறுத்துவிட்டாள். டாக்டரம்மாவிடம் பாதியில் விட்ட பேச்சு பாதியிலேயே நின்றது. இன்னொரு முறை அப்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் பஸ் கிளம்பும்போதெல்லாம் என் கவலை.

அன்று பின் சீட்டில், மடியில் பலாப்பழத்தோடு அண்ணாமலை உட்கார்ந்திருந்தார். கள்ளக்குறிச்சி வியாபாரி விலையைக் குறைத்துவிட்டானாம். போனில், "தோலை உரிச்சிடுவேன்டா!" என்று அவர் போட்ட சத்தத்தில் கண்ணாடிகள் அதிர்ந்தன.

கயலின் தோள் சுருங்கியது. கால் இரண்டும் சீட்டின் மேல் ஏறின. எலுமிச்சம்பழத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மலைப்பாதைக் குமட்டலுக்காக என் மனைவி கொடுத்தனுப்பும் பழம். அதன் வாசம் இந்த நேரத்துக்கும் உதவும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"கண்டக்டர் மாமா, ஒரு அரை டிக்கெட்டு" என்றது சின்னக் குரல். "நான் ஒண்ணாவதுதான் படிக்கிறேன்."

மாமா! சரி, இருக்கட்டும். யார் வந்தாலும் மரியாதை.

கண்டக்டர் குடும்பமானாலும் டிக்கெட் உண்டு என்பது முதலாளியின் கண்டிப்பு. முழு டிக்கெட் அடித்தால் சின்னவள் அழுவாள். அரை அடித்தால் கணக்கு உதைக்கும். நான் பி.காம். இரண்டு அரை சேர்ந்தால் ஒரு முழு. மெஷினில் இரண்டு அரை அடித்து, ஒன்றை அவள் கையில் கொடுத்தேன். இன்னொன்றைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இவ்வளவு சாமர்த்தியம் எனக்குள் எங்கே இருந்தது என்று எனக்கே ஒரு பூரிப்பு.

அந்தப் பூரிப்பு மலையடிவாரம் வரைக்கும் தாங்கியது.

2. காணாமல் போன பிள்ளைகள்

அடிவாரத்தில் செக்கர் தனபால் ஏறினார். முதலாளியின் சொந்தக்காரர். அவர் சாதாரணமாகப் பேசினாலே எதிரே வரும் லாரி ஒதுங்கி வழிவிடும். மெஷினைப் பார்த்தார், பஸ்ஸை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அரை ரெண்டு ஓடிக்கீது. புள்ளைங்க எங்கய்யா?"

பதில் சொன்னால் என் மகள் கதை முழுவதையும் பஸ்ஸுக்கு நடுவே விரிக்க வேண்டும். சொல்லாவிட்டால் இந்தக் குரல் இன்னும் ஏறும்.

வாரா வாரம் எங்களோடு இறங்குகிறவர்களுக்கு முழு விவரம் தெரியாது, ஜாடை தெரியும். அண்ணாமலை கயலை ஒரு பார்வை பார்த்தார். தான் போட்ட சத்தம் அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். தோள் துண்டை எடுத்துப் பலாப்பழத்தின் மேல் போர்த்தினார்.

"இதோ கீறான் சார் என் பையன். தூங்கறான்."

தனபால் துண்டுக்குள் கையை விட்டார். "இன்னாய்யா, புள்ளைக்கு ஒடம்பெல்லாம் முள்ளு?"

"வேர்க்குரு சார். வெய்யில் ஜாஸ்தி."

முன் சீட்டில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பெண் திரும்பினாள். "அவுரு பொய் சொல்றாரு சார். அரை டிக்கெட்டு என் பையனுது. வாந்தி எடுக்க எறங்குனான், வுட்டுட்டு வந்துட்டோம்."

"புள்ளைய மலையில வுட்டுட்டு வெத்தலை போட்டுக்கினு குந்தினு கீறியேம்மா!"

"வந்துடுவான் சார். எங்களுக்கு முன்னால வூட்டுல இருப்பான்."

"இன்னொரு அரை என்னுது சார்" என்றார் டிரைவர் முருகேசன், திரும்பிப் பார்க்காமலே.

"யோவ், நீ டிரைவருய்யா!"

"ஆமா சார், சின்ன வயசுலேர்ந்து."

பஸ் முழுக்கச் சிரிப்பு. "ரெண்டு டிக்கெட்டுக்கு மூணு புள்ளைங்க!" என்று தனபால் கத்தினார். "கண்ணுல ஒண்ணையும் காணோம்!"

நான் சிரிக்கவில்லை. என் கண் கயலின் கையில் இருந்தது. டிக்கெட் கசங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மண்டியிட்டேன்.

"பாப்பா, இது வெள்ளிமலை பஸ்ஸு. நான் கண்டக்டர் மாமா. நீ ஜன்னல் சீட்டுல இருக்க. இங்க உன்னை யாரும் அடிக்க மாட்டாங்க. அந்த மாமா கோவமா இல்ல, அவுரு தொண்டையே அப்படித்தான்."

தனபாலுக்குக் கேட்டுவிட்டது. என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கிசுகிசுக்க முயன்றார். "உன் பொண்ணா? முன்னாடியே சொல்றதுக்கு இன்னாய்யா?" அந்தக் கிசுகிசுப்பு டிரைவர் வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு கள்ளக்குறிச்சி வரும்வரை அவர் வாய் திறக்கவில்லை. அது அவருக்கு எவ்வளவு சிரமம் என்று எங்களுக்குத் தெரியும். பலாப்பழப் பிள்ளை மட்டும் ஒவ்வொரு பள்ளத்திலும் துண்டை உதறிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தான்.

தம்பிகளே, அரை டிக்கெட் விஷயத்தில் என்னைப் பின்பற்றாதீர்கள், மெமோ வரும். எனக்கு வந்தது. ஆனால் பயந்துபோய் ஏறும் ஒருவரை, நீ யார், நிரூபி என்று குடையாதீர்கள். உட்கார இடம் கொடுங்கள், எந்த ஊர் வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருங்கள். அன்று நான் கற்றது அவ்வளவுதான். இதை எழுதலாமா என்று கயலுக்குள் இருக்கும் எல்லோரிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போது கயல் நிமிர்ந்தாள். கால்களைக் கீழே இறக்கி, துப்பட்டாவைச் சரிசெய்தாள். முதுகு நேரானது. தனபாலை ஒரு பார்வை பார்த்தாள், அவர் ஓரடி பின்வாங்கினார். அந்தப் பார்வையை அதற்கு முன் நான் கண்டதில்லை. பிறகு என் முன்னால் கையை நீட்டினாள்.

"சின்னவ தூங்கறா, சத்தம் போடாதீங்க" என்றாள் பெரியவள். "ரெண்டு அடிச்சீங்களே, பாத்துக்கினுதான் இருந்தேன். அந்த இன்னொரு அரை டிக்கெட்டு என்னுது. குடுங்க கண்டக்டரே."