செல்வம் என்ற பெயரை இரண்டு முறை எழுதியவன்

எழுதத் தெரியாத பெற்றோரின் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் பெயர் எழுதிக் கொடுப்பது தோட்டத்துக் கிளாக்கரின் வேலைகளில் மிகச் சின்னது. வருஷங்கள் கழித்து நம்மைத் தேடி வருவதும் அதுதான். பிறருக்காகப் படிவம் நிரப்பிய எவருக்கும் இந்த வியாதி தெரிந்திருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் பெரும்பகுதி நான் கண்ணால் கண்டது. ஒரு பகுதி மட்டும் எங்கள் தோட்டத்து மருத்துவிச்சி மரியம்மா சொன்னது. எனக்குச் சாதகமான பகுதி அதுதான். அதனாலேயே அதைப் பல வருஷமாக நம்ப முடியாமல் இருக்கிறேன்.

எதுவாக இருந்தால் என்ன

நாடு சுதந்திரம் பெற்று இரண்டு வருஷம் இருக்கும். பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டத்தில், நாற்பதைத் தாண்டியும் நான் இரண்டாவது கிளாக்கர். பிறப்பு இறப்புப் படிவங்களை நான் நிரப்புவேன், துரை கையெழுத்து வைப்பார். ஒருநாள் தேயிலை ஃபாக்டரியில் வேலை செய்யும் வீரன் மூச்சிரைக்க ஓடிவந்தான். மனைவி காளியம்மாவுக்குப் பிள்ளை பிறந்த செய்தி கிடைத்ததும், லயத்து வீட்டுக்குப் போகாமல் நேரே ஆபீசுக்கு வந்துவிட்டான். முதல் பிள்ளை, பெயரை உடனே பதிந்துவிட வேண்டும். பெயர் செல்வம்.

“பெடியனோ பெட்டையோ?” என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் பொருந்துகிற பெயராகத் தேடி வைத்திருந்ததால் அது அவனுக்கு ஒரு குறையாகவும் படவில்லை. பார்த்துவிட்டு வரச் சொன்னேன். வாசலில் நின்று திரும்பிச் சொன்னான்: “எதுவா இருந்தா என்னங்கய்யா, விடிஞ்சா ரெண்டும் வேலைக்குப் பேர் கூப்பிடுற ஒரே பெரட்டுக்குத்தானே போய் நிக்கணும்.”

பெரிய கிளாக்கரின் கேலி

பெண் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் எழுதுவதுபோல் சி, எச் என்று தொடங்கி எழுதினேன். பெரிய கிளாக்கரும் எங்கள் ஊர்ப்பக்கம்தான். அவர் அந்தப் படிவத்தைக் கிழித்துவிட்டு, எஸ் போட்டு எழுதச் சொன்னார். தோட்டத்தில் எல்லாச் செல்வமும் எஸ்தானாம். அன்று முழுவதும் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். “தம்பி, எங்கடை ஊர் எழுத்தை இந்தக் குளிருக்கை கொண்டுவந்து நட்டா முளைக்குமோ?”

ஜன்னல்

அடுத்த மழைக்காலத்தில் ஒரு பிற்பகல். மாத அறிக்கை முடியாமல் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். நான் தலை நிமிராமலே நாளைக்கு வரச் சொன்னேன். ஆள் கொஞ்ச நேரம் நின்றதாக நினைவு. சாக்கிலிருந்து சொட்டிய தண்ணீர் ஜன்னல் கட்டையில் விழுந்து, அறிக்கையின் ஒரு மூலை நனைந்தது. அதற்காகத்தான் எரிச்சலோடு நிமிர்ந்தேன். அதற்குள் முதுகு திரும்பிவிட்டது. குரல் மட்டும் கேட்டது: “சரிங்கய்யா.”

நீளமான எழுத்து

மறுவருஷம் காளியம்மா கைக்குழந்தையோடு வந்தாள். இம்முறை ஆண். பெயர் மறுபடியும் செல்வம். பெரிய கிளாக்கர் அன்று லீவு. எனக்கு ஒரு சின்ன வீம்பு. ஒரு காகிதத்தில் இரண்டு விதமாகவும் எழுதி, எது வேண்டும் என்று கேட்டேன். அவளுக்கு ஓரெழுத்தும் தெரியாது. இருந்தாலும் சிரிக்கவில்லை, கூச்சப்படவில்லை. விரலை வைத்து இரண்டையும் அளந்தாள். சி, எச் என்று தொடங்குவது ஓரெழுத்து நீளம்.

“இதயே எழுதுங்கய்யா. மூத்தவ கொஞ்ச நாள்தான் இருந்தா. இவன் பேராவது நீளமா இருக்கட்டும்.”

பதுளையில் ஒரு விசாரணை

அதைக் கேட்ட கையோடு நான் இறப்புப் புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். குழந்தையின் சாவை யாராவது வந்து சொன்னால்தான் அது புத்தகத்தில் ஏறும். அவள் சொல்லிவிட்டாள். நானோ என் ஊர் எழுத்து ஜெயித்த திருப்தியில் இருந்தேன்.

மூன்று வருஷம் கழித்து வீரனின் பிரஜாவுரிமை விண்ணப்பத்தைப் பதுளையில் விசாரித்தார்கள். இந்திய வம்சத்தவரான அந்தக் குடும்பம் இந்த நாட்டில் இருக்கலாமா கூடாதா என்பது அன்று முடிவாகும். மனைவியும் பிள்ளைகளும் இடைவிடாமல் இங்கேயே இருந்ததாகக் காட்ட வேண்டும். தோட்டத்துப் புத்தகங்களோடு துரை என்னை அனுப்பினார்.

விண்ணப்பத்தில் ஒரு செல்வம், பிறப்புப் பதிவில் இரண்டு. மகள் எங்கே, இந்தியாவில் சொந்தக்காரரிடம் வளர்கிறாளா என்று அதிகாரி கேட்டார். இறந்த பிள்ளையின் பெயரை அடுத்ததற்கு வைப்பது தங்கள் வழக்கம் என்றான் வீரன். இறப்புப் பதிவு எங்கே என்று அதிகாரி என்னைப் பார்த்தார். புத்தகத்தைப் புரட்டி, இல்லை என்றேன். அது உண்மை. காளியம்மா என்னிடம் சொன்னதை நான் வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னால், கேட்டுவிட்டு ஏன் எழுதவில்லை என்பார்கள். வீரன் என் பக்கம் திரும்பாமல் அதிகாரியிடமே சொன்னான்:

“பன்னண்டாம் நம்பர் மலையில பொதைச்சிருக்கோம் சாமி. எங்களயெல்லாம் சந்தேகப்படுங்க. அது ஒண்ணுதான் இந்த நாட்ட விட்டு எங்கயும் போகாதது.”

மரியம்மாவின் ஆறுதல்

விண்ணப்பம் தள்ளுபடியானது. அந்த வாரம் மரியம்மா மருந்துப் பட்டியலோடு ஆபீசுக்கு வந்தார். இரண்டு பிள்ளைகளையும் கையில் ஏந்தியவர் அவர். நான் சவரம் செய்யாமல் உட்கார்ந்திருந்த கோலத்தைக் கண்டு, கேட்காமலே சொன்னார்: “மூத்தது செத்தப்ப அவங்க ஆபீசுக்கு வரவே இல்லைங்கய்யா. எழுதினா பேரை வெட்டிருவாங்க, அடுத்ததுக்கு வைக்க முடியாதுன்னு வீரனுக்குப் பயம். நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க.”

கடைசிப் படிவம்

பையனுக்கு ஒன்பது வயதாகும்போது அவர்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டார்கள். அதற்கும் படிவம் உண்டு, அதற்கும் நான்தான். பழைய பயத்தில் மறுபடியும் இரண்டு விதமாக எழுதிக் காட்டினேன். பையன் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தான். காளியம்மா இந்த முறை விரலை வைக்கவில்லை.

“எதையாவது எழுதுங்கய்யா. கூப்பிட்டா வரப்போறது ஒருத்தன்தானே.”

பண்டாரவளையில்

பயந்து ஒளித்தவர்கள் என்றால், காளியம்மா என் மேசைக்கு முன்னால் நின்று மூத்தவளைப் பற்றி அவ்வளவு வெளிப்படையாகப் பேசியிருப்பாளா? மழையில் ஜன்னலோரம் கேட்ட அந்தக் குரல், மகளின் சாவைச் சொல்ல வந்த வீரனுடையது என்று சில நாள் சத்தியம் செய்வேன். சில நாள் என்னால் முடியாது. யாரோ ஒருவர் விறகுக்குச் சீட்டுக் கேட்டும் வந்திருக்கலாம்.

போன மாதம் பண்டாரவளைக்குப் போனேன். மரியம்மா வேலையை விட்டு மகளோடு இருக்கிறார். தேத்தண்ணீர் கொடுத்தார், என் முழங்கால் வலியை விசாரித்தார். ஒரு பெயரை எப்படி எழுதுவதென்று நான் பட்ட கவலையில் பாதியையாவது ஜன்னலில் நின்ற ஆளுக்காகப் பட்டிருந்தால், அவர் வீட்டுப் படி ஏறியிருக்கவே வேண்டாம். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்:

“அம்மா, ஆபீசுக்கு வரேல்லை எண்டு வீரன் உங்களிட்டைச் சொன்னவனோ, இல்லை அண்டைக்கு என்ரை முகத்தைப் பார்த்திட்டு நீங்களாச் சொன்னதோ?”